ம்யூட்டில் கேட்காத சிரிப்பு: ஆன்லைன் சிஎம்இ-யில் வேடிக்கைக்கு என்ன வேலை?

பட்டம் வாங்கியதோடு மருத்துவரின் படிப்பு முடிவதில்லை. இந்திய மருத்துவக் கவுன்சில் 2002-ல் கொண்டுவந்த தொழில்நெறி விதிகளின்படி, ஒரு மருத்துவர் ஐந்தாண்டுகளுக்குள் குறைந்தது 30 மணி நேரமாவது தொடர் மருத்துவக் கல்வியில் கலந்துகொள்ள வேண்டும். மருத்துவர்கள் அதை 'சிஎம்இ' என்பார்கள். மாநிலக் கவுன்சில்கள் அதைக் கிரெடிட் பாயிண்ட்டுகளாகக் கணக்கில் வைக்கின்றன.

முன்பெல்லாம் சிஎம்இ என்றால் ஞாயிற்றுக்கிழமை, ஒரு ஹோட்டல் அரங்கம், கூடப் படித்தவர்களைப் பார்க்கும் சந்தர்ப்பம், மதியச் சாப்பாடு. 2020-ல் கொரோனா அதைத் தலைகீழாகப் புரட்டிப் போட்டது. சிகாகோவில் நடக்கவிருந்த அமெரிக்க இதயவியல் கல்லூரியின் ஆண்டு மாநாடே அந்த மார்ச் மாத இறுதியில் முழுக்க இணையத்துக்கு மாறியது. மற்றவர்களும் அதே வழியில் போனார்கள். தொற்று அடங்கிய பிறகும் வெபினார் போகவில்லை. தொலைவில் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவருக்கு அது உண்மையிலேயே வரப்பிரசாதம். பேருந்தும் வேண்டாம், விடுப்பும் வேண்டாம். நாட்டின் சிறந்த நிபுணர் அவர் கைப்பேசிக்கே வந்து பேசுகிறார்.

வந்து பேசுவது காதில் விழுகிறதா என்பதுதான் கவலை. இரவு எட்டரைக்குத் தொடங்கும் ஒரு வெபினாரைப் பாருங்கள். ஓபி முடித்து வீடு திரும்பிய மருத்துவர் போனைத் தண்ணீர் ஜக்கில் சாய்த்து வைத்துவிட்டுச் சாப்பிட உட்காருகிறார். கேமரா ஆஃப், மைக் ம்யூட். சாட்டில் 'குட் ஈவ்னிங் சார்' வரிசையாக விழுகிறது. வரவேற்புரையிலும் விருந்தினர் அறிமுகத்திலும் கால் மணி நேரம் கரைகிறது. 'ஸ்லைடு தெரியுதா? குரல் கேக்குதா?' என்று கேட்டுவிட்டுப் பேச்சாளர் தொடங்குகிறார்; ஸ்லைடு முழுக்கப் பொடி எழுத்து. பாதியில் ஐசியூவிலிருந்து போன் வருகிறது. திரும்பி வரும்போது பாடம் எங்கோ போய்விட்டது. கடைசியில் ஃபீட்பேக் படிவத்தின் லிங்க் வருகிறது. அதை நிரப்பினால் சான்றிதழ். அந்த மருத்துவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. காலையிலிருந்து நோயாளிகளின் கதைகளைக் கேட்டுக் களைத்த மூளை அது. அதற்கு மேலும் ஒரு மணி நேரம் கேட்கச் சொல்கிறோம் என்றால், கேட்கத்தக்கதாகக் கொடுக்கும் பொறுப்பு நம்முடையது.

இங்கேதான் நகைச்சுவை, விளையாட்டு என்ற பேச்சு வருகிறது. நானும் அந்தக் கட்சிதான். ஆனால் வெபினாருக்கு நடுவே இரண்டு வாட்ஸ்அப் ஜோக்கைச் சொருகுவதற்கும் நான் சொல்வதற்கும் சம்பந்தமில்லை. பாடத்தின் மையக் கருத்தே சிரிப்புக்குள் உட்கார்ந்திருக்க வேண்டும். சிரித்தவனுக்குக் கருத்து தானாக நினைவுக்கு வர வேண்டும். அதைவிட முக்கியம், கேட்பவர் கையில் ஏதாவது வேலை இருக்க வேண்டும்.

இது வெறும் அபிப்பிராயம் இல்லை. 1977-ல் அமெரிக்காவில் கேப்லன், பாஸ்கோ என்ற இரு ஆய்வாளர்கள் 500-க்கும் மேற்பட்ட மாணவர்களைப் பிரித்து, ஒரே விரிவுரையின் வெவ்வேறு வடிவங்களைக் காட்டினார்கள். ஒன்றில் நகைச்சுவையே இல்லை. ஒன்றில் கருத்தை ஒட்டிய நகைச்சுவை. ஒன்றில் கருத்துக்குத் தொடர்பில்லாத நகைச்சுவை. மற்றொன்றில் இரண்டும் கலவை. விரிவுரை முடிந்த கையோடு வைத்த தேர்வில் சிரிப்பு எந்த உதவியும் செய்யவில்லை. ஆறு வாரம் கழித்து அதே மாணவர்களைச் சோதித்தபோதுதான் வித்தியாசம் தெரிந்தது: நகைச்சுவை உதாரணத்தோடு சொல்லப்பட்ட கருத்துகள் நினைவில் கூடுதலாகத் தங்கியிருந்தன. 1988-ல் இஸ்ரேலில் அவ்னர் ஸிவ் ஒரு பருவம் முழுக்கப் புள்ளியியல் வகுப்பில் இதைச் சோதித்தார். ஆசிரியருக்கு முன்கூட்டியே பயிற்சி. ஒரு வகுப்புக்கு மூன்று நான்கு நகைச்சுவைக்கு மேல் கிடையாது. ஒவ்வொன்றும் பாடத்தோடு ஒட்டியது. அந்த வகுப்பு மற்றதைவிட நல்ல மதிப்பெண் எடுத்தது. வேறு மாணவர்களை வைத்துத் திரும்பச் செய்தபோதும் அப்படியே வந்தது.

எதிர்ப்பக்கமும் இருக்கிறது. ரிச்சர்ட் மேயரும் ஷானன் ஹார்ப்பும் 1998-ல் வெளியிட்ட ஆய்வில், பாடத்துக்கு அவசியமில்லாத சுவாரஸ்யத் துணுக்குகளைச் சேர்த்தபோது மாணவர்கள் முக்கியக் கருத்தைக் குறைவாகவே நினைவில் வைத்தார்கள். மின்னல் எப்படி உருவாகிறது என்பது பாடம். மின்னல் தாக்கியவர்களைப் பற்றிய விறுவிறுப்பான செய்திகள் கூடவே வந்ததும், மனம் அந்தச் செய்திகளைச் சுற்றியே கதையைக் கட்டிக்கொண்டது. சிஎம்இ-யில் ஒட்டு ஜோக்கும் இதைத்தான் செய்யும். வெளியே வரும் மருத்துவருக்கு ஜோக் ஞாபகம் இருக்கும், டோஸ் ஞாபகம் இருக்காது.

கருத்தைச் சுமக்கும் நகைச்சுவை எப்படி இருக்கும்? மருத்துவ உலகமே கொண்டாடிய ஓர் உதாரணம், பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலின் 2018 கிறிஸ்துமஸ் இதழில் வந்த பாராசூட் ஆய்வு. அந்த இதழ் ஆண்டுக்கு ஒருமுறை, முறையான ஆய்வு வடிவத்திலேயே குறும்பான கட்டுரைகளை வெளியிடுவது வழக்கம். ராபர்ட் யேவும் கூட்டாளிகளும் விமானத்திலிருந்து குதிப்பவர்களுக்குப் பாராசூட் பயன்படுகிறதா என்று சோதித்தார்கள். அணுகியவர்கள் 92 பேர், சம்மதித்துச் சேர்ந்தவர்கள் 23 பேர். குலுக்கல் முறையில் ஒரு பாதிக்குப் பாராசூட், மறு பாதிக்கு வெறும் முதுகுப் பை. முடிவு: மரணத்திலோ பெரிய காயத்திலோ இரு குழுவுக்கும் எந்த வித்தியாசமும் இல்லை. கட்டுரைச் சுருக்கத்தை வேகமாகப் படிப்பவர் திகைப்பார். பிறகுதான் கண்ணில் படும்: விமானம் தரையில் நின்றுகொண்டிருந்தது. குதித்த உயரம் சராசரியாக 0.6 மீட்டர்.

படித்தவர் வாய்விட்டுச் சிரிப்பார். சிரித்த அதே நொடியில் மூன்று பாடங்கள் உள்ளே போய்விடுகின்றன. ஆய்வில் யாரைச் சேர்த்தார்கள் என்று பார். ஆபத்து அதிகமுள்ளவர்கள் விலகிவிட்டால், மிஞ்சியவர்களிடம் கிடைத்த முடிவு உன் நோயாளிக்குப் பொருந்துமா என்று யோசி. சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு மருந்தை மாற்றாதே. ஆய்வுகளை விமர்சனமாக வாசிப்பது எப்படி என்று ஒரு மணி நேரம் ஸ்லைடு போட்டாலும் இவ்வளவு அழுத்தமாக ஏறாது. இதையே ஆன்லைனில் நடத்தினால், முதலில் சுருக்கத்தை மட்டும் திரையில் காட்டி, 'இந்த ஆய்வை நம்புவீர்களா?' என்று ஓட்டெடுப்பு வைக்கலாம். ஓட்டு விழுந்து முடிந்ததும் அந்த 0.6 மீட்டரைக் காட்ட வேண்டும். அடுத்த நிமிடமே, அதே மாதிரி ஆளைத் தேர்ந்தெடுத்த ஓர் உண்மையான மருந்து ஆய்வைத் திரையில் வைக்க வேண்டும். சிரிப்பு ஆறுவதற்குள் பாடம் நோயாளியிடம் வந்து சேர்ந்துவிடும்.

நம் பக்கத்திலிருந்தும் ஒன்றைச் சொல்ல வேண்டும். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவ நிறுவனத்தின் சித்தரஞ்சன் ஆண்ட்ரேடும் ஸ்ரீஹரியும் 200 பதின்வயது மாணவர்களிடம் மூக்கு நோண்டும் பழக்கத்தைப் பற்றி முறையான ஆய்வு நடத்தினார்கள். முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரப்படும் இக் நோபல் பரிசு 2001-ல் அவர்களுக்குக் கிடைத்தது. யாரும் வாய்திறந்து பேசாத ஒரு பழக்கம் கிட்டத்தட்ட எல்லோரிடமும் இருப்பதை அது எடுத்துக் காட்டியது. எது இயல்பு, எங்கே அது நோயாகிறது என்ற மனநலப் பாடத்துக்கு இதைவிட நல்ல நுழைவாயில் கிடைக்காது.

இணையத்தில் சிரிப்புக்கு ஒரு தனிச் சங்கடம் இருக்கிறது. சிரிப்பைப் பல்லாண்டு ஆராய்ந்த ராபர்ட் புரொவைன், தனியாக இருக்கும்போது சிரிப்பதைவிடக் கூட்டத்தில் இருக்கும்போது மனிதர்கள் சுமார் 30 மடங்கு அதிகமாகச் சிரிக்கிறார்கள் என்று கண்டார். அரங்கத்தில் ஒருவர் சிரித்தால் பக்கத்தில் இருப்பவருக்கும் தொற்றும். வெபினாரில் ஒவ்வொருவரும் தனியாள். சுமாரான ஜோக்குக்குக்கூட அரங்கம் கைகொடுக்கும்; நல்ல ஜோக்கைக்கூட ம்யூட் கொன்றுவிடும். தன் குரலுக்குப் பதிலே வராத பேச்சாளர் பதற்றமாகி, வேகத்தைக் கூட்டி, அடுத்த ஸ்லைடுக்குத் தாவிவிடுவார்.

இதற்கு நம் வில்லுப்பாட்டிலேயே வழி இருக்கிறது. முன்னால் இருக்கும் புலவர் ஒரு வரி சொன்னதும் பக்கத்தில் இருப்பவர் 'ஆமா' போடுவார், குறுக்குக் கேள்வி கேட்பார், வியப்பார். கேட்பவர்களின் மனதில் ஓடுவதை அவர் வாய் சொல்லும். ஆன்லைன் சிஎம்இ-க்கும் அப்படி ஒரு பக்கத் துணை வேண்டும். ஒரு பேச்சாளர், ஓயாமல் குறுக்கிட்டுக் கேட்கும் ஒரு மாடரேட்டர், மைக்கைத் திறந்தே வைத்திருக்கும் நாலைந்து பேர். அந்த நாலைந்து பேரும் பேராசிரியர்களாக இருக்கக் கூடாது. ஒரு முதுநிலை மாணவர், ஒரு பொது மருத்துவர், ஒரு செவிலியர் என்று கலந்திருந்தால் சிரிப்புச் சத்தமும் கேட்கும், 'சார், அது எங்க ஊர் ஆஸ்பத்திரில நடக்காதே' என்ற குரலும் கேட்கும். அந்தக் குரலுக்காகவாவது இதைச் செய்ய வேண்டும்.

ஆனாலும் ஆன்லைனில் ஜோக்கைவிடப் பன்மடங்கு வலுவானது விளையாட்டு என்பதே என் கணிப்பு. ஜோக்குக்குக் கூட்டம் வேண்டும். விளையாட்டுக்கு ஒரு கேள்வியும் ஒரு விரலும் போதும்.

இதில் எனக்கு மிகவும் நம்பிக்கை தந்தது, பாஸ்டனில் சிறுநீரகவியல் அறுவை மருத்துவரான பிரைஸ் கெர்ஃபுட் செய்த வேலை. 2010-ல் அவர் நடத்திய விளையாட்டில் 63 நாடுகளைச் சேர்ந்த 1,470 மருத்துவர்கள் சேர்ந்தார்கள். மொத்தம் 40 கேள்விகள், எல்லாம் சிகிச்சை வழிகாட்டு நெறிகளிலிருந்து. ஒரு குழுவுக்கு இரண்டு நாளுக்கு ஒருமுறை மின்னஞ்சலில் இரண்டு கேள்வி, இன்னொரு குழுவுக்கு நான்கு நாளுக்கு ஒருமுறை நான்கு கேள்வி. தவறாகச் சொன்னால் அதே கேள்வி 12 நாள் கழித்துத் திரும்பி வரும். சரியாகச் சொன்னால் 24 நாள் கழித்து. அடுத்தடுத்து இரண்டு முறை சரியாகச் சொன்னால் அந்தக் கேள்வி ஓய்வு பெறும். குறித்த காலத்துக்குள் பதில் சொல்லாவிட்டால் காலாவதி ஆகிவிடும். மற்றவர்களோடு ஒப்பிட்டால் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதும் தெரியும். தொடக்கத்தில் முதல் முயற்சியில் சரியாக வந்த பதில்களின் இடைநிலை மதிப்பு 48 சதவீதம். முடிவில், வென்று ஓய்வு கொடுத்த கேள்விகளின் இடைநிலை மதிப்பு 98 சதவீதம். யாரும் மேடையேறிப் பேசவில்லை, ஒரு ஜோக்கும் சொல்லவில்லை. தோற்ற கேள்வி மறுபடி வாசலில் வந்து நிற்கும்போது அதை ஒரு கை பார்த்துவிட வேண்டும் என்று எழும் ரோஷம்தான் அங்கே வேடிக்கை.

மருத்துவர் கற்றது சரி, நோயாளிக்கு என்ன ஆனது? கெர்ஃபுட் குழு அதையும் தொடர்ந்து போய்ப் பார்த்தது. 2014-ல் வெளியான ஆய்வில், அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளின் 111 முதல்நிலை மருத்துவப் பணியாளர்களில் ஒரு குழுவுக்கு உயர் ரத்த அழுத்தப் பாடம் விளையாட்டாகவும், மறு குழுவுக்கு அதே பாடம் இணையத்தில் படிக்கும் வடிவிலும் கிடைத்தது. விளையாடியவர்களின் நோயாளிகளுக்கு ரத்த அழுத்தம் கட்டுக்குள் வர ஆன காலத்தின் இடைநிலை 142 நாள். மற்றவர்களுக்கு 148 நாள். ஆறு நாள் ஒரு பெரிய விஷயமா என்று தோன்றலாம். மருத்துவரின் மின்னஞ்சலுக்குக் கேள்வி அனுப்பியே நோயாளியின் ரத்த அழுத்தத்தைத் தொட முடிந்திருக்கிறது என்பதைப் பெரிய விஷயமாகவே நான் எண்ணுகிறேன். மருத்துவக் கல்விக் கூட்டங்களைப் பற்றிய 81 ஆய்வுகளைத் தொகுத்து, காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வுத் தொகுப்பு அமைப்பு 2009-ல் வெளியிட்ட மதிப்பாய்விலும், மருத்துவர்களின் செயல்பாட்டில் கிடைத்த முன்னேற்றம் சுமார் 6 சதவீதம்தான். இந்தத் துறையில் வெற்றி இப்படிச் சின்னச் சின்னதாகத்தான் வரும்.

கேள்வி கேட்பது அறிவை அளப்பதோடு நிற்பதில்லை, அறிவை வளர்க்கவும் செய்கிறது என்பதற்கும் சான்று உண்டு. செயின்ட் லூயிஸில் லார்சன், பட்லர், ரோடிகர் ஆகியோர் முதுநிலைப் பயிற்சி மருத்துவர்களில் ஒரு பகுதியினருக்குப் பாடத்தைத் திரும்பத் திரும்பத் தேர்வாக வைத்தார்கள். மறு பகுதியினர் அதையே திரும்பத் திரும்பப் படித்தார்கள். ஆறு மாதத்துக்குப் பிறகு தேர்வெழுதியவர்கள் 13 சதவீதப் புள்ளி முன்னால் நின்றார்கள். ஆகவே வெபினாரின் கடைசி ஐந்து நிமிடத்துக்கு ஒதுக்கப்படும் வினாடி வினாவை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். கஹூட், மென்டிமீட்டர், ஸ்லைடோ போன்ற செயலிகளில் புனைபெயரோடு பதில் சொல்லலாம். நம் சூழலில் அது முக்கியம். துறைத்தலைவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது எந்த முதுநிலை மாணவரும் மைக்கைத் திறந்து தப்பாகச் சொல்லத் துணிய மாட்டார். பெயர் தெரியாது என்றால் துணிவார், தப்பும் செய்வார், அப்போதுதான் கற்றுக்கொள்வார். மூத்த மருத்துவர்களுக்கும் இதே கூச்சம் உண்டு, இன்னும் அதிகமாகவே.

ஒரு பாடத்தை எடுத்து எப்படிக் கட்டலாம் என்று பார்ப்போம். ரத்தத்தில் சோடியம் மிகக் குறைந்து வரும் நோயாளி. குடிப்பழக்கம் உண்டு, பொட்டாசியமும் குறைவு. சோடியம் 108. இப்படிப்பட்டவருக்கு 24 மணி நேரத்தில் 8 மில்லிமோலுக்கு மேல் ஏற்றக் கூடாது என்பதே பாடம். ஸ்லைடில் போட்டால் ஒரு வரி. எல்லோருக்கும் தெரிந்த வரி. ஆனாலும் இரவு டியூட்டியில் மீறப்படும் வரி. ஆகவே ஒரு குட்டி நாடகம். டியூட்டி டாக்டராக ஒருவர், லேபில் ஒருவர். டாக்டர் அரை மணிக்கு ஒருமுறை போன் போடுகிறார்: 'தம்பி, சோடியம் எவ்ளோ ஏறிச்சு?' நம்பர் கூடக் கூட அவருக்குக் குஷி. 112. 'அப்படித்தான்!' 117. 'இன்னும் கொஞ்சம் ஓடட்டும்.' ஒவ்வொரு போனுக்கும் பிறகு பார்வையாளர்களிடம் ஓட்டு: டிரிப்பை ஓடவிடலாமா, நிறுத்தலாமா? விடிவதற்குள் 124. நோயாளி எழுந்து உட்கார்ந்து காபி கேட்கிறார். டாக்டர் பெருமையோடு வீட்டுக்குப் போகிறார். இதுவரை எல்லோரும் சிரித்திருப்பார்கள், ஏனென்றால் அந்த அவசரக்கார டாக்டரை எல்லோருக்கும் தெரியும். அடுத்த ஸ்லைடு: நான்காம் நாள். நோயாளிக்குப் பேச்சு குழறுகிறது, விழுங்க முடியவில்லை, கைகால் வரவில்லை. மூளைத்தண்டில் நரம்பு உறை சிதைந்துவிட்டது. எங்கே நிறுத்தியிருக்க வேண்டும் என்று திரும்பப் போய் ஒவ்வொருவரும் தன் ஓட்டைப் பார்க்கிறார். சோடியம் இப்படி அளவுக்கு மீறி ஏறிவிட்டால் டெஸ்மோபிரசின் என்ற மருந்தைக் கொடுத்து எப்படி மீண்டும் இறக்குவது என்ற விவாதத்தை அந்த இடத்தில் தொடங்கினால், யாரும் சாப்பிடக்கூட எழுந்து போக மாட்டார்கள்.

இந்த நாடகத்தில் சிரிப்பு யார் மீது விழுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். டாக்டரின் அவசரத்தின் மீது. நோயாளியின் குடிப்பழக்கத்தின் மீது ஒரு சொல்கூட விழக் கூடாது. மருத்துவத்தில் இருண்ட நகைச்சுவை காலங்காலமாக உண்டு. மரணத்தோடு மல்லுக்கட்டும் வேலையில் சக ஊழியர்களுக்குள் அது ஒரு மூச்சுவிடும் வழி. அந்தப் பேச்சு டியூட்டி அறைக்குள் இருக்கும் வரை ஒரு விதம். பதிவாகி, வெட்டப்பட்டு, வாட்ஸ்அப்பில் சுற்றினால் வேறு விதம். ஆன்லைன் நிகழ்ச்சியில் டியூட்டி அறை என்று ஒன்று இல்லவே இல்லை. உடல் பருமன், சாதி, ஊர், ஆங்கிலம் தெரியாமை, பெண் நோயாளியின் வலி இவற்றை வைத்து வரும் எந்தச் சிரிப்பும் சிஎம்இ-யில் இடம்பெறக் கூடாது. நோயாளி இதைக் கேட்டால் கூடச் சேர்ந்து சிரிப்பாரா என்று கேட்டுப் பார்ப்பது நல்ல அளவுகோல்.

'டாக்டர் கிளாகம்ஃப்ளெக்கன்' என்ற பெயரில் குறும்படங்கள் வெளியிடும் அமெரிக்கக் கண் மருத்துவர் வில் ஃப்ளானரி இதை நன்றாகச் செய்கிறார். சைக்கிள் ஹெல்மெட்டோடு திரியும் அவசர சிகிச்சை மருத்துவர் தொடங்கி எல்லாத் துறையினரையும் அவரே நடிக்கிறார். கிண்டல் துறைகளின் வழக்கங்கள் மீதும் காப்பீட்டு நிறுவனங்களின் மீதும்தான். 2020-ல் உறக்கத்தில் அவர் இதயம் நின்றுபோனது. மனைவி பத்து நிமிடம் நெஞ்சை அழுத்திக் காப்பாற்றினார். இன்று மருத்துவ மாநாடுகளில் இருவரும் அந்தக் கதையைச் சொல்லும்போது, அதுவரை சிரித்த கூட்டம் அவர்களை நம்பிக் கேட்கிறது.

நம் ஊர் மருத்துவர்களுக்குத் தெரியாத வித்தையா இது? பட்டிமன்றத்தில் ஊறிய மண். 'நிமோனியாவுக்கு ஐந்து நாள் ஆன்டிபயாடிக் போதுமா, கூடுதலாக வேண்டுமா?' என்று இரண்டு அணி, ஒரு நடுவர், தொடங்கும் முன் ஒரு ஓட்டு, முடிந்த பின் ஒரு ஓட்டு. எத்தனை பேர் மனம் மாறினார்கள் என்பதே தீர்ப்பு. ஸ்லைடு ஆங்கிலத்தில் இருக்கட்டும். தமிழ்நாட்டு மருத்துவர்கள் மட்டும் கூடும் நிகழ்ச்சியில் வாதத்தைத் தமிழில் வைத்தால் நடிப்பும் நக்கலும் இயல்பாக வந்துவிடும்.

பரிசு விஷயத்தில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். மருந்து நிறுவனங்களிடமிருந்து மருத்துவர்கள் அன்பளிப்பு வாங்குவதை 2009-ல் சேர்த்த விதித் திருத்தம் தடுக்கிறது. 2024-ல் வந்த மருந்து விற்பனை நெறிமுறையும் அதையே வலியுறுத்துகிறது. வினாடி வினாவில் வென்றவருக்கு நிறுவனம் கைக்கடிகாரம் கொடுத்தால் விளையாட்டு அந்த நொடியே விளம்பரமாகிவிடும். மருந்தின் பிராண்ட் பெயரை விடையாகக் கொண்ட கேள்வியும் அப்படித்தான். பரிசு தேவையே இல்லை.

இதையெல்லாம் செய்த பிறகு பலன் உண்டா என்று பார்ப்பதற்கு இப்போதிருக்கும் ஃபீட்பேக் படிவம் உதவாது. நிகழ்ச்சி முடிந்த சூட்டில் 'மிக நன்று' என்று எல்லோரும் டிக் அடிப்பார்கள். சிரித்தவர்கள் கூடுதலாகவே அடிப்பார்கள். கேப்லனும் பாஸ்கோவும் ஆறு வாரம் காத்திருந்ததால்தான் அவர்களுக்கு உண்மை தெரிந்தது. சான்றிதழை அன்றிரவே அனுப்பிவிடுங்கள், அதில் கஞ்சத்தனம் வேண்டாம். ஆறு வாரம் கழித்து, ஒரு புதன்கிழமை காலை, அதே மருத்துவரின் வாட்ஸ்அப்புக்கு ஒரே ஒரு கேஸ் போகட்டும்: சோடியம் 109, பொட்டாசியம் 2.8, முதல் ஆறு மணி நேரத்தில் ஏழு ஏறிவிட்டது, இப்போது என்ன செய்வீர்கள்?